ஓர் இசைக்குழுவுக்குள் அதன் ஊர் எப்படி நுழைகிறது?

இசை பற்றி எழுதுகிறவர்கள் யோசிக்காமல் அடித்துவிடும் ஒரு வாக்கியம் உண்டு: "இது அந்த ஊர் மண்ணில் பிறந்த ஒலி." பர்மிங்காமில் ஆலைகள் இருந்தன, அதனால் ஹெவி மெட்டல் என்ற கனத்த, இரைச்சலான ராக். சியாட்டிலில் ஓயாத மழை, அதனால் கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக். மான்செஸ்டரில் சாம்பல் நிற வானம், அதனால் சோகம் அப்பிய பாட்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆலை இருந்த ஊர்கள் உலகில் ஏராளம், மழை பெய்யும் ஊர்கள் அதைவிட ஏராளம். அங்கெல்லாம் ஏன் அந்த இசை வரவில்லை? அவ்வளவு தூரம் போவானேன், அதே பர்மிங்காமிலிருந்துதான் மூடி ப்ளூஸும் எலெக்ட்ரிக் லைட் ஆர்கெஸ்ட்ராவும் வந்தன. அவர்களுடைய மெல்லிசையில் இரும்படிக்கும் சத்தத்தைத் தேடினாலும் கிடைக்காது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு கூட்டம், "இசைக்கு ஊரும் கிடையாது, எல்லையும் கிடையாது, திறமைதான் எல்லாம்" என்னும். அதுவும் சரியில்லை. ஊர் இசைக்குள் வரத்தான் செய்கிறது. ஆனால் காற்றிலும் தண்ணீரிலும் கலந்து வருவதில்லை. சில குறிப்பிட்ட வழிகளில் வருகிறது, அந்த வழிகளை விரல் விட்டுக் காட்டவும் முடியும். இதைப் புரிந்துகொள்ள இசை இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

பேச்சு வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு குழந்தைக்கு வட்டார வழக்கு எப்படி வருகிறது? பிறந்த மண்ணிலிருந்து வருவதில்லை. சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு வருகிறது. பிறந்த ஆறாம் மாதமே வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போனால் அந்த ஊர்ப் பேச்சுதான் வரும். இன்னொன்று, நம் பேச்சில் ஒரு வழக்கு இருப்பது நமக்கே தெரியாது. வெளியூர் போய் நாலு பேர் சிரித்தால்தான் உறைக்கும். மூன்றாவதாக, உறைத்த பிறகு அதை மறைக்கவும் செய்யலாம், வேண்டுமென்றே தூக்கலாகப் பேசிக் காட்டவும் செய்யலாம்.

இசைக்குழுவும் ஊரும் இதே போலத்தான். தெரியாமல் ஒட்டிக்கொள்வது ஒரு கட்டம், தெரிந்து காட்டிக்கொள்வது இன்னொரு கட்டம். முதலாவது இசையை உருவாக்குகிறது. இரண்டாவது அடையாளத்தை உருவாக்குகிறது. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் பெரும்பாலான வெட்டி விவாதங்களுக்குக் காரணம்.

ஒரு விரல் நுனியின் கதை

ஊர் இசைக்குள் வருவதை மிக அருகில் நின்று பார்க்க வேண்டுமென்றால் ஹெவி மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சபாத்தின் கிதார் கலைஞர் டோனி அயோமியைப் பார்க்கலாம். பர்மிங்காமின் ஆஸ்டன் பகுதிக்காரர். அங்கே பள்ளிப்படிப்பு முடிந்த பையன்களுக்குப் பெரும்பாலும் ஆலை வேலைதான். அயோமியும் தகடு வெட்டும் ஆலையில் இருந்தார். 17 வயதில், வேலையை விட்டு நிற்கவிருந்த கடைசி நாளில், வழக்கமாகத் தான் கையாளாத ஓர் இயந்திரத்தில் உட்கார வேண்டி வந்தது. வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளையும் அது நசுக்கி எடுத்துவிட்டது. அவர் இடது கைப் பழக்கம் உள்ளவர், ஆகவே கிதாரின் கழுத்தில் தந்திகளை அழுத்துவது வலது கைதான். கிதார் வாசிப்பவருக்கு இதைவிட மோசமான இடத்தில் அடிபட முடியாது.

பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரலுக்குத் தொப்பி மாதிரி செய்து, மேலே தோல் துண்டை ஒட்டிக்கொண்டு திரும்ப வாசிக்க ஆரம்பித்தார். கதை பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு வேண்டியது. தொப்பி போட்ட விரலுக்குத் தந்தியின் அழுத்தம் சரியாகத் தெரியாது, கனமான தந்தியை அழுத்தினால் வலிக்கும். அதனால் மெல்லிய தந்திகளைத் தேடிப் போனார். பாஞ்சோ என்ற வேறொரு வாத்தியத்தின் தந்தியைக்கூட எடுத்துக் கிதாரில் மாட்டினார். எல்லா விரல்களும் வேண்டியிருக்கும் சிக்கலான பிடிகளைக் குறைத்து, பவர் கார்டு எனப்படும் பிடியை நிறையப் பயன்படுத்தினார். இரண்டே ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவிடும் எளிய பிடி அது, ஒலியைப் பெருக்கிக் கரகரக்க வைத்தால் மலை மாதிரி நிற்கும். 1971 வாக்கில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார்கள். தந்தி தளர்ந்தால் விரலுக்குச் சுகம், காதுக்கு இடி.

இப்போது சங்கிலியைப் பாருங்கள். ஊரில் ஆலை, ஆலையில் விபத்து, விபத்தால் தொப்பி, தொப்பியால் மெல்லிய தந்தியும் எளிய பிடியும் இறங்கிய சுருதியும், அவற்றால் அந்த ஒலி. "ஆலைச் சத்தம் இசையில் எதிரொலித்தது" என்று சொல்வதைவிட இது எவ்வளவு திட்டமாக இருக்கிறது! மூடி ப்ளூஸ் ஏன் வேறு மாதிரி ஒலித்தது என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஊர் ஒன்றுதான், ஆனால் அது உள்ளே வந்த வழி வேறு.

ஆக, ஊர் ஒரு மனநிலையாக வருவதில்லை. வேலை, காயம், கைக்குக் கிடைத்த பொருள் என்று தொட்டுப் பார்க்கக்கூடியவை வழியாக வருகிறது.

இசைச்சூழல் என்றால் என்ன?

தனி ஆள் கதையிலிருந்து கொஞ்சம் பின்னால் வந்து ஊரை முழுதாகப் பார்ப்போம். ஒத்திகைக்கு இடம், வாசிக்க மேடை, மலிவான ஒலிப்பதிவுக்கூடம், இசைத்தட்டு வெளியிட ஒரு சிறு நிறுவனம், கேட்க ஒரு கூட்டம். ஓர் ஊரில் இவையெல்லாம் ஒன்றுக்கொன்று தெரிந்தவையாக அமைந்திருந்தால் அதை இசைச்சூழல் என்று சொல்லலாம். இசைச்சூழல் உள்ள ஊரில் மேதைகள் கூடுதலாகப் பிறந்துவிடுவதில்லை. இருப்பவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க வசதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சியாட்டிலை எடுத்துக்கொள்வோம். கிரஞ்ச் என்றதும் நினைவுக்கு வரும் குழுவான நிர்வாணாவின் முதல் ஆல்பம் 1989-இல் வந்தது. அதன் ஒலிப்பதிவுச் செலவு 606 டாலர் 17 சென்ட் என்பது பிரசித்தம். பதிவு நடந்தது ஒரு சிறிய கூடத்தில், ஜாக் எண்டினோ என்ற ஒலிப்பதிவாளரின் கையில். அதே எண்டினோதான் மட்ஹனி, சவுண்ட்கார்டன் போன்ற குழுக்களின் ஆரம்பகாலப் பதிவுகளையும் செய்தார். செலவைக் குறைக்க வேண்டும், நேரம் கிடையாது, மெருகேற்ற வழியில்லை. ஒரே ஆள், ஒரே மாதிரிக் கருவிகள், ஒரே மாதிரி அவசரம். அந்தப் பதிவுகள் அண்ணன் தம்பி மாதிரி ஒலிப்பதில் என்ன ஆச்சரியம்? மழைக்கு இதில் பெரிய பங்கு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

டெட்ராய்ட்டின் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் இதைவிடத் தெளிவான உதாரணம், ஏனென்றால் அங்கே ஊரை மாற்றிப் பார்த்த சோதனையே நடந்திருக்கிறது. பெர்ரி கோர்டி அதை 1959-இல் தொடங்கினார். அதற்கு முன் ஒரு கார் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் வேலை பார்த்தவர். வெறும் சட்டமாக உள்ளே போவது மறுமுனையில் முழுக் காராக வெளிவருகிறதே, பாடகர்களையும் பாட்டுகளையும் அப்படி உருவாக்கினால் என்ன என்ற யோசனை தனக்கு அங்கேதான் வந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஒரு சாதாரண வீட்டை வாங்கி ஒலிப்பதிவுக்கூடமாக்கினார். எதிரொலி வேண்டுமா? வீட்டின் பரண்தான் எதிரொலி அறை. வாசிக்க ஆள்? ஊரின் ஜாஸ் கிளப்புகளில் இரவெல்லாம் வாசித்துக்கொண்டிருந்த கலைஞர்கள். ஃபங்க் பிரதர்ஸ் என்று அழைக்கப்பட்ட அந்தக் குழுதான் பாடகர் யாராக இருந்தாலும் பின்னால் நின்று வாசித்தது. தயாரான பாட்டைக் கார் ரேடியோவில் இருப்பது போன்ற சின்ன ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள். வாங்கப்போகிறவர்கள் காரில்தானே கேட்கப்போகிறார்கள்!

1972-இல் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸுக்கு மாறியது. அதன் பிறகும் அங்கிருந்து பெரிய வெற்றிகள் வந்தன. ஆனால் பழைய அந்தக் குறிப்பிட்ட ஒலி திரும்ப வரவில்லை. பெயர் போனது, பணம் போனது, நட்சத்திரங்கள் போனார்கள். ஃபங்க் பிரதர்ஸில் பலர் போகவில்லை, அந்த அறையையும் பரணையும் மூட்டை கட்ட முடியவில்லை.

சுருக்கமாக, ஊரின் ஒலி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு ஓர் அறை, ஒரு ஒலிப்பதிவாளர், சில வாத்தியக்காரர்கள். அவை கலைந்தால் ஊர் அங்கேயே இருந்தாலும் ஒலி போய்விடும்.

எதிரே நிற்கும் கூட்டம்

இசைக்குழுவை வளர்ப்பதில் கேட்பவர்களுக்கு உள்ள பங்கைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. வாஷிங்டன் நகரத்தில் 1970-களில் உருவான கோ-கோ இசையைப் பாருங்கள். அதன் தந்தை என்று சொல்லப்படும் சக் பிரவுன் சந்தித்த பிரச்சினை எளிமையானது. டிஸ்கோக்களில் இசைத்தட்டுகள் இடைவெளியே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. மேடையில் வாசிக்கும் குழுவோ ஒரு பாட்டை முடித்து அடுத்ததைத் தொடங்குவதற்குள் ஆடிக்கொண்டிருந்தவர்கள் போய் உட்கார்ந்துவிடுவார்கள். அதற்கு அவர் கண்ட வழி, பாட்டு முடிந்தாலும் தாளத்தை நிறுத்துவதில்லை. காங்கா முரசும் டிரம்ஸும் போய்க்கொண்டே இருக்க, பாடகர் கூட்டத்தைப் பார்த்துப் பேசுவார், கேள்வி கேட்பார், கூட்டம் பதில் கத்தும். வந்திருப்பவர்களின் பெயரையும் அவர்கள் பேட்டையின் பெயரையும் மேடையிலிருந்து சொல்வார்.

இந்த இசை அமெரிக்கா முழுக்கப் பெரிதாகப் பரவவில்லை. பேட்டைப் பெயரைக் கேட்டுக் கத்த அந்தப் பேட்டைக்காரன் எதிரே இருக்க வேண்டுமே! ஸ்டுடியோவில் பதிவு செய்தால் பாதி உயிர் போய்விடும். அதனால்தான் ரசிகர்கள் நேரடி நிகழ்ச்சிகளில் பதிவான கேசட்டுகளைக் கைமாற்றிக் கேட்டார்கள். ஊரோடு மிக இறுகக் கட்டப்பட்ட இசைக்குக் கிடைக்கும் பலமும் இதுதான், விலையும் இதுதான்.

கூட்டம் குழுவை மாற்ற அது சொந்த ஊராகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பீட்டில்ஸ் லிவர்பூல்காரர்கள், அது உலகறிந்தது. ஆனால் 1960 ஆகஸ்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்துக்குப் போய், கேளிக்கைத் தெருக்களில் ஒரே இரவில் நான்கைந்து மணிநேரம், வார இறுதியில் அதற்கும் மேலே வாசித்தார்கள். அவ்வளவு நேரத்தை நிரப்பக் கையில் பாட்டு இருக்காது. புதிது புதிதாகக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும், ஒரே பாட்டை நீட்ட வேண்டும், குடிபோதையில் இருப்பவனைத் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டும். ஊர் திரும்பியபோது வேறு குழுவாக இருந்தார்கள். பிறந்த ஊர் ஒன்று, பழுத்த ஊர் ஒன்று.

லிவர்பூல் பற்றி இன்னொரு கதை சொல்வார்கள்: அமெரிக்கா போய்வந்த கப்பல் ஊழியர்கள் கொண்டுவந்த அபூர்வ இசைத்தட்டுகளால்தான் அந்த ஊரில் ராக் இசை வேரூன்றியது என்று. அழகான கதை. ஆனால் ஆய்வாளர்கள் பலர் இதைச் சந்தேகிக்கிறார்கள். அந்தக் குழுக்கள் பாடிய அமெரிக்கப் பாட்டுகளில் பெரும்பாலானவை பிரிட்டனிலேயே வெளியாகி, உள்ளூர்க் கடையிலேயே கிடைத்தன. ஊர்ப்பெருமைக் கதைகளைக் கேட்கும்போது ஒரு கண்ணைச் சுருக்கிக்கொள்வது நல்லது.

குடியேறி வந்தவர்கள்

ஊர் என்றால் அங்கே பல தலைமுறையாக இருப்பவர்கள் மட்டும்தான் என்று நினைத்தால் பிரிஸ்டல் புரியாது. இங்கிலாந்தின் அந்தத் துறைமுக நகரத்தில், செயின்ட் பால்ஸ் பகுதியில் ஜமைக்கா முதலான கரீபியத் தீவுகளிலிருந்து வந்தவர்கள் குடியேறினார்கள். கூடவே சவுண்ட் சிஸ்டம் பழக்கமும் வந்தது. பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, ஒருவர் இசைத்தட்டு ஓட்ட, இன்னொருவர் மைக்கில் பேசிப் பாட, கனத்த பேஸ் ஒலி நெஞ்சில் அதிரும்படி நடக்கும் நடமாடும் இசைக்கூடம் அது. அந்தக் கொண்டாட்டங்களில் வெள்ளை, கறுப்பு இளைஞர்கள் ஒன்றாகத் திரிந்ததில் உருவானதுதான் வைல்ட் பஞ்ச் என்ற கூட்டு. அதிலிருந்து வந்தது மாஸிவ் அட்டாக். 1991-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் ரெக்கே, ஹிப்ஹாப், சோல் மூன்றும் மெதுவான ஒரே ஓட்டத்தில் கலந்திருக்கும். இதற்கு வெளியிலிருந்தவர்கள் ட்ரிப்-ஹாப் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கப்பட்டவர்களுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை.

உச்சரிப்பு: தெரியாமல் வருவதும் தெரிந்து காட்டுவதும்

இங்கேதான் முதல் கட்டத்திலிருந்து இரண்டாவது கட்டத்துக்குத் தாண்டுகிறோம். 1983-இல் மொழியியலாளர் பீட்டர் ட்ரட்கில் ஒரு விசித்திரத்தை ஆராய்ந்தார். பிரிட்டிஷ் பாடகர்கள் பேசும்போது பிரிட்டிஷாரைப் போலப் பேசுகிறார்கள், பாடும்போது மட்டும் அமெரிக்கர்களைப் போல உச்சரிக்கிறார்கள், ஏன்? அவர்கள் காதலித்த இசை அமெரிக்காவிலிருந்து வந்தது, ஆகவே பாட்டு என்றாலே அந்த உச்சரிப்பு என்று நாக்கு பழகிவிட்டது என்பது விளக்கம். பீட்டில்ஸின் ஆரம்ப ஆல்பங்களில் அழுத்தமாக ஒலித்த அமெரிக்க 'ர்' பின்னாளில் படிப்படியாகக் குறைந்ததையும் அவர் காட்டினார். உலகமே அவர்களைப் பார்த்துப் பாட ஆரம்பித்த பிறகு அவர்கள் யாரைப் பார்த்துப் பாட வேண்டும்?

ஷெஃபீல்டு நகரத்தின் புறத்தே ஹை க்ரீன் பகுதியிலிருந்து வந்த ஆர்க்டிக் மங்கீஸ் 2006-இல் முதல் ஆல்பத்தை வெளியிட்டபோது, பாடகர் அலெக்ஸ் டர்னர் தன் ஊர்க் கொச்சையிலேயே பாடினார். சிடுசிடுப்பைக் குறிக்கும் உள்ளூர்ச் சொல் பாட்டின் தலைப்பிலேயே வந்தது. டாக்சி வரிசை, இரவு விடுதி வாசல் காவலாளி என்று விஷயமும் உள்ளூர்தான். ஊர்க்காரர்களுக்குத் தங்கள் சனி இரவு அப்படியே கேட்டது. வெளியூர்க்காரர்களுக்கு நேர்மை கேட்டது. பிறகு டர்னர் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோனார், பாட்டின் உச்சரிப்பும் மாறியது. துரோகம் என்று சிலர் கொதித்தார்கள். பத்து வருடம் வேறிடத்தில் வாழ்கிறவன் வாய் மாறாமலிருந்தால்தான் அதிசயம் என்பது என் கட்சி.

அடையாளத்தை யார் எழுதுகிறார்கள்?

அடையாளம் என்று இங்கே சொல்வது, "இவர்கள் இன்ன ஊர்க்காரர்கள், ஆகவே இன்ன மாதிரி" என்று சொல்லப்படும் கதையை. அதைக் குழு மட்டும் எழுதுவதில்லை. நிறுவனம், பத்திரிகை, ரசிகர் எல்லோரும் சேர்ந்து எழுதுகிறார்கள்.

சியாட்டிலின் சப் பாப் இசைத்தட்டு நிறுவனம் இதில் கெட்டி. தங்கள் ஊருக்கு ஒரு தனி ஒலி இருக்கிறது என்று உலகம் நம்ப வேண்டும் என்பதற்காக 1989-இல் பிரிட்டனிலிருந்து ஒரு பத்திரிகையாளரைச் செலவு செய்து வரவழைத்தது. அவர் எழுதினார், பிரிட்டன் வாங்கியது, அமெரிக்கா பின்னால் வந்தது. நிர்வாணா உருவானதோ சியாட்டிலில் அல்ல, அங்கிருந்து நூறு மைலுக்கு மேல் தள்ளியிருக்கும் அபர்டீன் என்ற மரம்வெட்டும் ஊரில்.

ஜாய் டிவிஷனை மான்செஸ்டரின் குரல் என்பார்கள். பாடகர் இயான் கர்டிஸ் மேக்கிள்ஸ்ஃபீல்டுக்காரர், அது தனி ஊர். 1979-இல் வந்த முதல் ஆல்பத்தில் கேட்கும் அந்தக் குளிர்ந்த, வெறிச்சோடிய ஒலியை நகரத்தின் கைவிடப்பட்ட ஆலைகளின் ஒலி என்று எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். அந்த வெறுமையைக் கொண்டுவந்தவர் தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானெட். ஒலியைச் சற்றுத் தாமதமாகத் திரும்பத் தரும் டிஜிட்டல் கருவியை வைத்து டிரம்ஸைச் சுற்றிக் காலி இடத்தை உண்டாக்கினார். குழுவில் வாசித்த பீட்டர் ஹூக், பெர்னார்ட் சம்னர் இருவருக்கும் அது அப்போது பிடிக்கவில்லை, மேடையில் தாங்கள் முரட்டுத்தனமாக வாசிப்பது பதிவில் இல்லையே என்று வருந்தினார்கள். ஊரின் ஆன்மா என்று நாம் கேட்பது, அந்த ஊர்க்காரர்களே ஒத்துக்கொள்ளாத ஒரு கருவியின் வேலையாகவும் இருக்கலாம். அதற்காக அது பொய்யாகிவிடாது. அந்த ஒலியைக் கேட்டு வளர்ந்த அடுத்த தலைமுறை மான்செஸ்டர் குழுக்களுக்கு அதுதான் ஊரின் ஒலி.

ஊரைப் பற்றிப் பாட ஊரில் இருக்க வேண்டுமா? பீட்டில்ஸ் லிவர்பூலின் இடங்களைப் பெயர் சொல்லிப் பாடிய 'பென்னி லேன்', 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இரண்டும் 1967-இல் வந்தவை. அவர்கள் லண்டனுக்குப் போய் அதற்குள் சில ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டாவது பாட்டை ஜான் லெனன் எழுதத் தொடங்கியது ஸ்பெயினில், ஒரு படப்பிடிப்புக்குப் போன இடத்தில். கலிஃபோர்னியாவின் எல் செரிட்டோவில் வளர்ந்த ஜான் ஃபோகர்டியோ, தன் கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல் குழுவுக்காக அமெரிக்கத் தெற்கின் சதுப்புநில வாழ்க்கையைப் பாடினார். எல்லாம் இசைத்தட்டு வழியாகக் காதில் குடியேறிய ஊர். கேட்டவர்கள் அவரைத் தெற்கத்தியர் என்றே நினைத்தார்கள்.

இதுவரை பார்த்ததில் பிடித்துக்கொள்ள வேண்டியது: இசையை உருவாக்கிய ஊரும் பாட்டில் பேசப்படும் ஊரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஊரை இழந்தவர்கள்

இந்தப் பேச்சு முழுவதையும் சோதித்துப் பார்க்கும் குழு டினாரிவென். சஹாராவின் துவாரெக் மக்கள். மாலி நாட்டின் வடக்கே 1963-இல் நடந்த கிளர்ச்சியில் தந்தையைப் பறிகொடுத்த இப்ராஹிம் அக் அல்ஹபீப் சிறுவயதிலேயே அகதியானார். தகர டப்பா, ஒரு குச்சி, சைக்கிள் பிரேக் கம்பி ஆகியவற்றை வைத்து முதல் கிதாரைத் தானே செய்துகொண்டார். 1970-களின் இறுதியில் அல்ஜீரியாவின் தமன்ராசெட்டில், ஊர்விட்டு வந்தவர்களாகச் சேர்ந்துதான் குழுவானார்கள். பாட்டுகள் கேசட் கேசட்டாகப் பாலைவனம் முழுக்கப் பரவின. இங்கே மேடையும் இல்லை, கூடமும் இல்லை, நிறுவனமும் இல்லை. ஊரே கையில் இல்லை. ஆனால் ஊரைத் தவிர வேறெதுவும் அந்தப் பாட்டில் இல்லை. 2012-இல் கிராமி விருது வாங்கினார்கள்.

ஊரும் குழுவைப் பயன்படுத்திக்கொள்கிறது

இது ஒருவழிப் பாதை அல்ல. பீட்டில்ஸ் கிட்டத்தட்ட 300 முறை வாசித்த லிவர்பூலின் கேவர்ன் கிளப் 1973-இல் ரயில்பாதை வேலைக்காக மூடப்பட்டு இடிக்கப்பட்டது. 1984-இல் பழைய செங்கற்களில் பலவற்றையே வைத்து மறுபடி கட்டினார்கள். இடிக்கும்போது அது ஒரு பழைய நிலவறை, கட்டும்போது சுற்றுலாச் சொத்து. அபர்டீனின் வரவேற்புப் பலகையில் 2005-இல் நிர்வாணா பாட்டு ஒன்றின் தலைப்பைச் சேர்த்தார்கள்.

வாஷிங்டனில் 2019-இல், தன் வாசலில் பல ஆண்டுகளாகக் கோ-கோ ஒலிக்கவிட்டுவந்த ஒரு செல்போன் கடைமீது, அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்தவர்களிடமிருந்து சத்தம் என்று புகார் போனது. இசை நின்றது. ஆயிரக்கணக்கானோர் தெருவில் திரண்டு ஆடிப் போராடினார்கள், இசை திரும்ப வந்தது. 2020-இல் கோ-கோ அந்நகரத்தின் அதிகாரபூர்வ இசை என்று சட்டமே வந்தது. அதை ஆதரிக்கவும் ஆவணப்படுத்திக் காக்கவும் மேயர் திட்டம் வகுக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆவணக் காப்பகத்துக்குப் பழைய கேசட்டுகள் கிடைத்துவிடும். மேடையிலிருந்து பேட்டைப் பெயரைச் சொன்னால் பதிலுக்குக் கத்த ஆள் வேண்டுமென்றால், அந்தப் பேட்டையில் அவர்களால் இன்னும் வாடகை கொடுத்துக் குடியிருக்க முடிய வேண்டும்.